மெயில்காரரின் யார்டு உத்தியோகம்

ஓய்வு பெற்று வருடங்கள் ஆன பிறகும் அவரை எல்லோரும் மெயில்காரர் என்றுதான் சொன்னார்கள். கடிதம் கொண்டுவந்து கொடுத்தவர் என்று நினைத்துவிடக் கூடாது; மெயில் ரயில் ஓட்டியவர். மற்ற டிரைவர்களை டிரைவர்கள் என்று அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. கூட்ஸ் ஓட்டுகிறவன் மூட்டை தூக்குகிறவன். பாசஞ்சர் ஓட்டுகிறவன் வீடு வீடாக நின்று நலம் விசாரிக்கிறவன். யார்டுக்குள்ளேயே கிடந்து பெட்டிகளைப் பிரித்து, கோத்து, முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்கிறவர்களைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொன்னதில்லை. சொல்கிற அளவுக்கு அவர்கள் அவர் கண்ணில் பட்டதில்லை.

முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதும் மகள் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். மூன்றாவது மாடி. லிஃப்ட் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் நடுவில் நின்று யோசிக்கும். மகள் ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் வேலை பார்த்தாள். காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். அதுவரை மெயில்காரருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, கண்ணில் பட்டதையெல்லாம் இளக்காரம் செய்வது. கால் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதைக் கேட்டு, “எண்ணத் தெரிஞ்சா போதும், உத்தியோகம் கிடைச்சிடுது” என்றார். எதிர் வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து, அவர் செடியைக் குளிப்பாட்டுகிறாரா, தன் காலைக் கழுவுகிறாரா என்று மகளிடம் கேட்டார். அவர் நாக்குக்குத் தப்பியது அந்த வீட்டில் சுவர்க் கடிகாரம் ஒன்றுதான். அது சரியான நேரம் காட்டியது.

எல்லோரையும் விட அதிகமாக அடி வாங்கியவர் மாப்பிள்ளை. அவர் தணிக்கை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவர். சாது. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் துணி காயப்போடுகிற சின்ன அறைக்குள் போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ரயில் ஓட்டுவார். நெம்புகோல் வைத்த பெட்டி ஒன்றைக் கூட வாங்கி மேசையில் திருகியிருந்தார். விளையாட்டுதான், ஆனால் விளையாட்டுக்குள் சம்பளம் உண்டு, அபராதம் உண்டு, லைசென்ஸ் உண்டு. சரக்கை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் காசு ஏறும். இடித்தால் இறங்கும்.

மெயில்காரர் ஊன்றுகோலோடு வாசலில் நின்று ஒருநாள் இதைப் பார்த்தார். மாப்பிள்ளையின் ரயில் ஸ்டேஷனைத் தாண்டிப் போய் நின்றது.

“அப்படி பிரேக் போட்டா பின்னாடி படுத்திருக்கிறவன் எல்லாம் கீழ உருண்டிருப்பான்.”

“பின்னாடி இருக்கிறது சிமெண்ட் மாமா” என்றார் மாப்பிள்ளை.

அந்தப் பதிலை மெயில்காரரால் ஜீரணிக்க முடியவில்லை. சிமெண்ட் ஓட்டுகிறவனுக்கு வாய் வேறு என்று இரவுச் சாப்பாடு முழுக்க முணுமுணுத்தார். வயசான குழந்தைக்குப் பொம்மை ரயில் என்றார். தான் ஓட்டிய வண்டியில் ஆயிரம் பேர் தன்னை நம்பித் தூங்கினார்கள் என்றார். இதை அந்த வீட்டில் எல்லோரும், மிக்சி உட்பட, பலமுறை கேட்டிருந்ததால் யாரும் தலை நிமிரவில்லை.

அடுத்த வாரம் மாப்பிள்ளை கிளை அலுவலகத்துக் கணக்கைப் பார்க்க வெளியூர் கிளம்பினார். திரும்ப ஒரு மாதம் பிடிக்கும். போகும்போது, மாமனாருக்கென்று தனியாக ஒரு ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கி வைத்துவிட்டு, எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டிக்கொடுத்தார். புத்தி சொல்கிற மாதிரி தெரியக் கூடாதே என்ற பயத்தோடு கூடவே ஒரு யோசனையும் சொன்னார்: ஆரம்பத்தில் யார்டுக்குள்ளேயே பெட்டி மாற்றிவிடுகிற சின்ன வேலைகளாக எடுங்கள், கூலி குறைவுதான், ஆனால் கை சுடாது, காசு சேர்ந்ததும் பெரிய லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம்.

“யார்டு வேலையா? நானா?” என்றார் மெயில்காரர். மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் படி இறங்கிவிட்டார்.

மறுநாள், மகள் தலை மறைந்ததும் அவர் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இந்த அற்ப விஷயத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் உட்கார்ந்ததாகப் பிறகு சொன்னார். ஆட்டம் அவர் கையில் ஆரம்பப் பணமாகக் கொஞ்சம் காசையும், கத்துக்குட்டி லைசென்ஸையும், குட்டையாக ஒரு யார்டு எஞ்சினையும் கொடுத்தது. எஞ்சினைப் பார்த்ததும் அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரும்புப் பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. திரையில் வந்த பலகையில் தொங்கிய வேலைகளில் யார்டு வேலை எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, கடைசியில் இருந்த ஒன்றை எடுத்தார். மரக்கட்டை ஏற்றிய பெட்டிகளை மலை தாண்டித் துறைமுகம் வரை இழுக்க வேண்டும். கூலி மற்றதைப் போலப் பல மடங்கு.

சமவெளியில் வண்டி அழகாகத்தான் போனது. வளைவுகளில் அவர் வேகத்தைக் குறைத்த நயத்தை மாப்பிள்ளை பார்த்திருக்க வேண்டும். மலை ஏறத் தொடங்கியதும் அந்தக் குட்டை எஞ்சின் மூச்சு வாங்கியது. சூடு ஏறியது. முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. பாதி மலையில் எஞ்சின் அணைந்து, மொத்த மரக்கட்டையும் அவரைப் பின்னால் இழுத்துக்கொண்டு இறங்கி, வளைவில் தடம் புரண்டு, ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிப் படுத்தது. ஆட்டம் கொஞ்சமும் மரியாதை இல்லாமல் கணக்கை நீட்டியது: எஞ்சின் பழுது, பெட்டி சேதம், சரக்கு நஷ்டம். இருந்த காசு போய், எண் சிவப்பாக மாறியது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மெயில்காரர் தண்டவாளம் போட்டவனைத் திட்டினார். எஞ்சின் செய்தவனைத் திட்டினார். மலையை அங்கே வைத்தவனைத் திட்டினார். மறுநாள் எண்ணெய் டாங்கர் வேலை ஒன்றை எடுத்து, எஞ்சினைப் பெட்டியோடு சேர்க்கப் போனபோதே முட்டினார். சிவப்பு எண் இன்னும் பெரிதாயிற்று. அதற்கப்புறம் பலகை அவருக்கு வெளியூர் வேலை எதையும் காட்டவில்லை. மிச்சம் இருந்தது யார்டு ஒன்றுதான்.

வேறு வழியில்லாமல் அதை எடுத்தார். மூன்று தண்டவாளங்களில் சிதறிக் கிடந்த பெட்டிகளைச் சேர்த்து, சொன்ன வரிசையில், மில்லின் வாசலில் நிறுத்த வேண்டும். மெயில்காரர் தன் உத்தியோக காலம் முழுவதும் கோத்துத் தயாராக நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்தவர். பச்சை விழுந்தது, போனார். இங்கே எஞ்சினிலிருந்து இறங்கி நடக்க வேண்டியிருந்தது. கொக்கி மாட்ட வேண்டும், காற்றுக் குழாயை இணைக்க வேண்டும், ஒவ்வொரு பெட்டியிலும் ஹேண்ட் பிரேக்கைச் சுழற்றி விடுவிக்க வேண்டும், தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்டைத் திருப்ப வேண்டும், மறுபடி ஏற வேண்டும். தான் ஏறி உட்கார்ந்த ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் இதையெல்லாம் செய்த கைகள் இருந்திருக்கின்றன என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உறைத்தது பிடிக்கவில்லை. மாலை வரை தள்ளி, இழுத்து, கடைசியில் நடுவில் வர வேண்டிய பெட்டியை ஓரத்தில் சிக்கவைத்துக்கொண்டு, எஞ்சினையும் இரண்டு பெட்டிக்கு நடுவில் அடைத்துவைத்துவிட்டார். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது.

மகள் வந்து பார்த்தபோது அவர் நெம்புகோலை முறைத்துக்கொண்டிருந்தார்.

“சித்தப்பாவைக் கேட்டா சொல்வாரேப்பா” என்றாள்.

“அவனுக்கு என்ன தெரியும்? மாட்டுவான், கழட்டுவான்.”

சித்தப்பா என்று அவள் சொன்னது மெயில்காரரின் கூடப் பிறந்த தம்பியை. யார்டில் ஷண்டிங் ஆளாகச் சேர்ந்து யார்டிலேயே ஓய்வு பெற்றவர். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் நின்று கொக்கி மாட்டுகிற வேலை. இடது கையில் இரண்டு விரல்களை அந்த வேலைக்கே கொடுத்திருந்தார். அந்தச் செய்தி வந்த அன்று மெயில்காரர், “விரல் போச்சுன்னா கவனம் போச்சுன்னு அர்த்தம்” என்று சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

ஆனால் உறவு முறிந்தது அதனால் அல்ல. மெயில்காரர் ஓய்வு பெற்ற அன்று ஸ்டேஷனில் பாராட்டுக் கூட்டம். தம்பி வேலை முடிந்த கையோடு, கிரீஸ் படிந்த சட்டையிலேயே ஓடி வந்துவிட்டார். மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி, அது யார், உங்களையே பார்த்துச் சிரிக்கிறாரே என்று கேட்டார். மெயில்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, “யார்டு ஆளு” என்றார். அவர் முன்னால் மைக் இருந்தது. அதை யாரும் அணைக்கவில்லை. தம்பி கையிலிருந்த பொட்டலத்தைக் கடைசி வரிசை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இருவரும் சாவு வீடுகளில் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். அங்கேயும் பேசியது பிணத்தைப் பற்றித்தான்.

மகளுக்குச் சித்தப்பா மேல் பிரியம் உண்டு. அப்பாவிடம் கேட்டால் வேலை ஆகாது என்று தெரிந்து அவளே போன் செய்தாள். அப்பாவுக்கு முழங்கால் இன்னும் சரியாகவில்லை, வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். தம்பி ஞாயிற்றுக்கிழமை கொய்யாப்பழத்தோடு வந்தார். லிஃப்ட் நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருந்ததால் படி ஏறியே வந்தார். அண்ணனின் முழங்காலைப் பார்த்தார். பரவாயில்லை என்றார். கொய்யாப்பழத்தை மேசையில் வைத்தார். மகள்தான், இதைப் பாருங்கள் சித்தப்பா என்று சின்ன அறைக்கு அழைத்துப் போனாள்.

திரையில் எஞ்சின் இரண்டு பெட்டிக்கு நடுவில் அப்படியே மாட்டிக்கொண்டு நின்றது. தம்பி அதைப் பார்த்த பார்வையில் ஏளனம் அண்ணனுடையதற்குக் குறைவில்லை. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

“இதுல மழை இல்ல. சேறு இல்ல. நடுவுல நின்னு நசுங்கிச் சாக ஆளும் இல்ல. இதுக்குப் பேரு யார்டா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “யாரு இப்படி அடைச்சு வச்சது?”

மெயில்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

தம்பி உட்கார்ந்தார். பொத்தான்கள் பழகும்வரை அவரும் தடுமாறினார். இரண்டு தடவை பெட்டியை முட்டி, விளையாட்டைச் செய்தவனின் பரம்பரையை விசாரித்தார். பிடி கிடைத்ததும் உடனே ஓட்டவில்லை. யார்டின் வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, மகள் கொடுத்த காபி ஆறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். ‘படம் பார்க்க வந்திருக்கான்’ என்று மெயில்காரர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு தம்பி, கடைசியில் விட வேண்டிய பெட்டியை முதலில் எடுத்தார். மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வரிசைக்கு வந்தது. முதல் கூலி ஏறியது. சிவப்பு எண் ஒரு துளி சிறுத்தது.

அதற்குப் பிறகு தம்பி தினமும் வந்தார். அவர் சம்பாதித்த முறையில் ஒரு வீரமும் கிடையாது. சரக்கு ஏற்றிய பெட்டியைத் தொடவே மாட்டார். காலிப் பெட்டி உடைந்தாலும் அபராதம் சொற்பம், சரக்குப் பெட்டிதான் காசைத் தின்னும் என்பது அவர் கட்சி. பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் கிடக்கிற பெட்டிகளாகப் பார்த்து, இரண்டு வேலையை ஒன்றாக எடுத்து, ஒரே நடையில் முடிப்பார். சீக்கிரம் முடித்தால் ஆட்டம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தது. அதற்காக அவர் அவசரப்பட்டதே இல்லை, ஆனால் பெரும்பாலும் அது கிடைத்தது. மெயில்காரருக்கு இது பிச்சை எடுப்பது போல இருந்தது. “இப்படி அஞ்சும் பத்துமா பொறுக்கியே உன் காலம் போச்சு” என்றார். தம்பி, “அஞ்சும் பத்தும் சேர்ந்துதான் உங்க கடன் அடைஞ்சிருக்கு” என்றார். அது உண்மைதான். எண் கறுப்பாகி, மெல்ல மெல்லப் பருத்தது.

நடுநடுவே மெயில்காரர் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டிப் பார்ப்பார். ஓட்டத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. பெட்டியை முத்தம் கொடுக்கிற மாதிரி கொண்டுவந்து சேர்ப்பார். எந்தப் பெட்டியை என்பதில்தான் தகராறு. தம்பி திருத்துவார், இவர் முகத்தைத் தூக்குவார். அந்த மூன்று வாரத்தில் இருவரும் ஒருவரையொருவர் இகழ்ந்துகொண்ட அளவுக்கு அதற்கு முன் பேசிக்கொண்டதே இல்லை. மகளுக்கு அதில் பாதி சந்தோஷம், பாதி தலைவலி.

மெயில் வண்டிக்கான லைசென்ஸுக்குக் காசு சேர்ந்தது. மாப்பிள்ளை ஊரிலிருந்து வந்த மாலை அதை வாங்கினார்கள். மாப்பிள்ளை எண்ணைப் பார்த்து அசந்துபோனார். தானே இந்த இடத்துக்கு வர அரை வருடம் ஆயிற்று என்றார். யார் துணையும் இல்லாமலா இவ்வளவும் என்று கேட்டார்.

தம்பி சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

“பெட்டி மாட்ட ஒரு ஆள் இருந்தான்” என்றார் மெயில்காரர்.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துகிற சத்தம் கேட்டது. தம்பி மகளிடம் சொல்லிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். வாசல் வரை போன மகள் திரும்பி வந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

“அவர் வரலேன்னா நீங்க இன்னும் அந்த ரெண்டு பெட்டிக்கு நடுவுலதான்பா இருந்திருப்பீங்க.”

மெயில்காரர் அது காதில் விழாத மாதிரி நெம்புகோலைத் துடைத்தார்.

மறுநாள் ஞாயிறு. மகளையும் மாப்பிள்ளையையும் பின்னால் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். சட்டை கூட மாற்றிக்கொண்டார். திரையில் நீண்ட பயணி வண்டி, முன்னால் உயரமான எஞ்சின். புறப்பட்டதே தெரியாமல் புறப்பட்டார். மாப்பிள்ளை உண்மையாகவே வியந்தார். மலை கடந்தது, பாலம் கடந்தது. வளைவில் சாய்ந்து நிமிர்ந்த அழகைப் பார்த்து மகள்கூடக் கோபத்தைக் கொஞ்ச நேரம் மறந்தாள். வண்டி மட்டும் நினைத்ததை விடக் கனமாக இழுத்தது. எதிர்க்காற்று அடிக்கிறது என்றார் மெயில்காரர். ஆட்டத்தில் காற்று கிடையாது என்று சொல்ல மாப்பிள்ளைக்கு மனம் வரவில்லை.

சேர வேண்டிய ஸ்டேஷனில் கோடு போட்ட இடத்தில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு, கைதட்டலுக்குத் தயாராகத் திரும்பினார். திரையில் கணக்கு வந்தது. கடைசி இரண்டு பெட்டிகளில் ஹேண்ட் பிரேக் விடுவிக்கப்படவில்லை. வழி முழுக்க அந்தச் சக்கரங்கள் சுழலாமல் இழுபட்டு, தேய்ந்து, தட்டையாகியிருந்தன. பெட்டிக்கு அபராதம், பாதைக்கு அபராதம், தாமதத்துக்கு அபராதம். மூன்று வாரமாகப் பொறுக்கிச் சேர்த்தது ஒரே ஓட்டத்தில் போய், எண் மறுபடி சிவந்தது. இறங்கிப் போய் ஒவ்வொரு பெட்டியாகப் பார்ப்பது அவர் வேலை என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மாப்பிள்ளை, “பரவாயில்ல மாமா, எல்லாருக்கும் நடக்கிறதுதான்” என்றார்.

மெயில்காரர் வாழ்க்கையில் வாங்கிய வசவுகளிலேயே அதுதான் பெரியது. எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப்போனது. எல்லாருக்கும். சிமெண்ட் ஓட்டுகிறவன் தன்னை எல்லாரோடும் சேர்த்துவிட்டான். அன்று மத்தியானம் அவர் யாரையும் இளக்காரம் செய்யவில்லை. எதிர் வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு நிம்மதியாக உள்ளே போனார்.

இரண்டு நாள் அந்த அறைப்பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் போனார். பலகையில் யார்டு வேலைதான் தொங்கியது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மகள் வந்ததும் தம்பியின் நம்பரைக் கேட்டார். இத்தனை வருடத்தில் அவராக அவனுக்கு ஒரு தடவையும் போன் செய்ததில்லை. மகள் எண்ணைச் சொன்னாள். நானே பேசுகிறேன் என்று சொல்லவில்லை.

“யாரு?” என்றது மறுமுனை.

“நான்தான்.”

“எந்த நான்?”

குரல் தெரியாமல் கேட்கவில்லை என்று மெயில்காரருக்குப் புரிந்தது. வைத்துவிடலாமா என்று நினைத்தார். மகள் காய் நறுக்குவதை நிறுத்தியிருந்தாள்.

“உன் அண்ணன்” என்றார்.

என்ன விஷயம் என்று தம்பி கேட்டார். இவர் நடந்ததைச் சொன்னார். எத்தனை பெட்டி என்று கேட்டார் தம்பி. இரண்டு என்றார் இவர்.

“எங்க யார்டுல இதுக்கு ஒரு வாரம் வேலை இல்லாம வீட்டுக்கு அனுப்பிடுவாங்க” என்று சொல்லிவிட்டு, தம்பி போனை வைத்தார்.

சொன்னபடியே ஒரு வாரம் வரவில்லை. மெயில்காரர் அவன் திமிரைப் பற்றி மகளிடமும், மாப்பிள்ளையிடமும், கால் பயிற்சிப் பெண்ணிடமும் விளக்கமாகப் பேசினார். ஆனால் அந்த ஒரு வாரமும் லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டபோதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்.

வாரம் முடிந்து தம்பி வந்தார். நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மெயில்காரருக்குச் சமையலறை ஸ்டூல்தான் மிச்சம். எஞ்சினைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், பாயிண்ட் திருப்புவதையும் ஹேண்ட் பிரேக்கையும் அண்ணன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் தம்பி சொன்னார். சம்மதம் இல்லையென்றால் இப்போதே கிளம்புகிறேன் என்றும் சொன்னார்.

மெயில்காரர் நீட்டிய காலை மெல்ல மடக்கி ஸ்டூலில் உட்கார்ந்தார். தம்பி நெம்புகோலைத் தள்ளிய விதம் அவருக்குச் சகிக்கவில்லை. எஞ்சினை எருமை ஓட்டுகிற மாதிரி ஓட்டுகிறாய் என்று சொன்னார். தம்பி காதில் வாங்காமல், மூன்றாம் லைன் பாயிண்ட்டைத் திருப்பச் சொன்னார். மெயில்காரர் இரண்டாம் லைனைத் திருப்பினார்.

“மூணு” என்றார் தம்பி.

திருத்தினார்.

“இப்ப பிரேக். கடைசிப் பெட்டியில இருந்து ஆரம்பிங்க. நான் சொன்னப்புறம் எடுத்தா போதும்.”

எனக்கே சொல்லிக்கொடுக்கிறான் என்று முனகியபடி, மெயில்காரர் கடைசிப் பெட்டிக்குப் போய், பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.